முதல் செடிகளுக்குச் சாட்சி சொன்ன கரித்துண்டுகள்: வேல்ஸ் தாவர விஞ்ஞானி டயான் எட்வர்ட்ஸ் யார்?

பூமியின் 454 கோடி ஆண்டு வரலாற்றை ஒரே நாளாகச் சுருக்கிப் பாருங்கள். நள்ளிரவு 12 மணிக்குப் பூமி பிறக்கிறது. அடுத்த நள்ளிரவுதான் இன்று. இந்தக் கணக்கில், தண்டோடு நிமிர்ந்து நிற்கும் செடிகளின் மிகப் பழைய தடயங்கள் எப்போது கிடைக்கின்றன தெரியுமா? இரவு 9:45 மணி வாக்கில். மனிதர்கள் வந்து சேருவது கடைசி 6 வினாடிகளில்.

அதாவது நாளின் பெரும்பகுதி நிலத்தில் மரம் இல்லை, புல் இல்லை, வேர் இல்லை. பாறை, மணல், சேறு, ஈரமான இடங்களில் நுண்ணுயிர்ப் படலம். அவ்வளவுதான். பிறகு குண்டூசி உயரத்தில் சில செடிகள் எழுந்தன. அவை எப்படி இருந்தன? தண்ணீரை எப்படி மேலே ஏற்றின? இலையே இல்லாமல் எப்படி மூச்சுவிட்டன? இந்தக் கேள்விகளுக்கு ஊகமாக இல்லாமல் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு முக்கியக் காரணங்களில் ஒருவர் வேல்ஸைச் சேர்ந்த டயான் எட்வர்ட்ஸ்.

நோபல் பரிசில் தாவரவியலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. அதனால் இவர் பெயர் செய்தித் தலைப்புகளில் அதிகம் வந்ததில்லை. ஆனால் நிலத் தாவரங்களின் தொடக்கம் பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இவருடைய வேலையைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு நிமிடத்தில்

• பெயர்: டயான் எட்வர்ட்ஸ்
• பிறப்பு: 1942, சுவான்சி, வேல்ஸ்
• துறை: தொல்தாவரவியல், அதாவது புதைபடிவமாகிப்போன தாவரங்களின் ஆய்வு
• படிப்பு: கேம்பிரிட்ஜ், கிர்டன் கல்லூரி
• பணியிடம்: கார்டிஃப் பல்கலைக்கழகம்
• ஆய்வுக் காலகட்டம்: சுமார் 43 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை
• முக்கியப் பங்களிப்பு: குக்சோனியா என்ற ஆதிச்செடிக்குள் நீர் கடத்தும் குழாய்கள் இருந்ததை நிறுவியது
• அங்கீகாரம்: ராயல் சொசைட்டி உறுப்பினர் (1996), சிபிஇ விருது (1999), லின்னேயன் சொசைட்டி தலைவர் (2012–2015)

ஆய்வுக் காலகட்டம் முக்கியம். வாழ்நாள் முழுக்க இவர் தோண்டியது சுமார் 3 கோடி ஆண்டு நீளமுள்ள ஒரே ஒரு காலத்துண்டை. பூமியின் வயதில் அது 1 சதவீதம்கூட இல்லை, 0.7 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் நிலம் பச்சையானது அந்தத் துண்டில்தான்.

சுவான்சியிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

தென் வேல்ஸின் கடற்கரை நகரமான சுவான்சியில் பிறந்த எட்வர்ட்ஸ், 1960களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிர்டன் கல்லூரியில் படித்தார். பெண்களுக்காக 1869இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஆனால் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948இல்தான். கிர்டனில் படித்து, தேர்வு எழுதி, தேறிய பெண்களுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆண்களுக்குச் சமமான பட்டம் இல்லை. அந்தக் கதவு திறந்து ஒரு தலைமுறைகூட ஆகாத நேரத்தில் உள்ளே போனவர் எட்வர்ட்ஸ்.

பழந்தாவர ஆய்வில் கேம்பிரிட்ஜுக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் தொல்தாவரவியல் முன்னோடி பீர்பால் சாஹ்னி, ஏ.சி. சீவர்டிடம் பயின்றதும் அங்கேதான். லக்னோவில் 1946இல் சாஹ்னி தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

எட்வர்ட்ஸ் தன் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது சொந்த மண்ணின் பாறைகளை. தென் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில் 'பழைய செம்மணற்கல்' என்று அழைக்கப்படும் பாறை அடுக்குகள் உள்ளன. அந்த அடுக்குகளின் தாவரங்களைப் பற்றி வில்லியம் கிராஃப்ட், வில்லியம் லாங் ஆகிய இருவர் ஒரு விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அது வந்த ஆண்டு 1942, அதாவது எட்வர்ட்ஸ் பிறந்த ஆண்டு. கால் நூற்றாண்டு கழித்து அதே அடுக்குகளுக்குள் போன எட்வர்ட்ஸ், 1968இல் ஒரு புதிய தாவரத்தை விவரித்து, அதற்கு 'கிரித்தோடியோஃபைட்டான் கிராஃப்டியை' என்று பெயரிட்டார். பெயரின் பின்பாதி கிராஃப்டுக்கான மரியாதை.

பிறகு வேலை கார்டிஃபில். அங்கேயே பேராசிரியராகி, ஆய்வு மாணவர்களை உருவாக்கி, பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்.

ஏன் வேல்ஸ்?

நீங்கள் பள்ளியில் படித்த புவியியல் காலப் பெயர்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: கேம்பிரியன், ஆர்டோவிசியன், சிலூரியன். மூன்றுமே வேல்ஸிலிருந்து வந்தவை. 'கேம்பிரியா' என்பது வேல்ஸின் லத்தீன் பெயர். ஆர்டோவிஸ், சிலூரஸ் இரண்டும் ரோமானியர் காலத்தில் அங்கே வாழ்ந்த பழங்குடிகள். 19ஆம் நூற்றாண்டில் செட்ஜ்விக், மர்ச்சிசன் போன்ற புவியியலாளர்கள் பூமியின் பழைய அடுக்குகளை வரிசைப்படுத்தக் கற்றுக்கொண்டது அந்த மலைகளில்தான். உலகம் முழுக்க 43 கோடி ஆண்டுப் பாறையை 'சிலூரியன்' என்று சொல்லும்போது, நாம் உச்சரிப்பது ஒரு வேல்ஸ் இனக்குழுவின் பெயரை.

நிலத்தில் செடிகள் பரவத் தொடங்கியது இந்தச் சிலூரியன் காலத்திலும், அடுத்து வந்த டெவோனியன் காலத்தின் தொடக்கத்திலும். அந்த இரண்டு காலங்களும் சந்திக்கும் அடுக்குகள், வேல்ஸும் இங்கிலாந்தும் தொட்டுக்கொள்ளும் எல்லைப் பகுதியில் தரைக்கு மேலேயே தெரிகின்றன. ஓடைக் கரை, கல்குவாரி, சாலையோர வெட்டு என்று எங்கே வேண்டுமானாலும்.

குக்சோனியா: பெயர் இருந்தது, ஆதாரம் இல்லை

இந்தக் கதையின் மையம் ஒரு பொடிச் செடி. பெயர் குக்சோனியா. உயரம் சில சென்டிமீட்டர். இலை கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. ஒரு மெல்லிய தண்டு இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் மீண்டும் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு நுனியிலும் எக்காள வாய் போல விரிந்த ஒரு குமிழ். அந்தக் குமிழ்தான் வித்தகம், அதற்குள் ஸ்போர்கள்.

1937இல் இதை முறைப்படி விவரித்தவர் வில்லியம் லாங். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள பெர்டன் குவாரியில் மாதிரிகளைச் சேகரித்தவர் ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் இசபெல் குக்சன். அவர் நினைவாகத்தான் 'குக்சோனியா'.

அப்போதிருந்தே குக்சோனியாவுக்கு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது: 'மிகப் பழைய வாஸ்குலர் தாவரம்'. அதாவது, உடலுக்குள் நீர் கடத்தும் குழாய் அமைப்பு கொண்ட தாவரம். நெல், வேம்பு, தென்னை, ரோஜா எல்லாம் இந்த வகை. பாசிகளில் அந்த அமைப்பு கிடையாது.

இங்கேதான் சிக்கல். ஒரு தாவரத்தை வாஸ்குலர் என்று சொல்ல வேண்டுமானால், அதன் தண்டுக்குள் 'டிரக்கீடு' எனப்படும் செல்கள் இருக்க வேண்டும். சுவரில் வளையம் வளையமாகத் தடிப்பு கொண்ட நீண்ட குழாய்ச் செல்கள் அவை. தண்ணீரை மேலே இழுக்கும்போது குழாய் உள்ளே சப்பிப் போகாமல் அந்தத் தடிப்பு தாங்கிப் பிடிக்கும். ஜூஸ் குடிக்கும் காகித ஸ்ட்ரா நனைந்ததும் சப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரச்சினைக்கு இயற்கை கண்டுபிடித்த விடைதான் டிரக்கீடு.

லாங்கின் மாதிரிகளில் தலையில்லாத சில தண்டுகளில் டிரக்கீடு இருந்தது. குமிழோடு கூடிய, சந்தேகமில்லாமல் குக்சோனியா என்று சொல்லக்கூடிய தண்டுகளில் அது தெரியவில்லை. இரண்டும் ஒரே பாறையில் கிடந்தன என்பதற்காக இரண்டும் ஒரே செடி என்று சொல்லிவிட முடியுமா? ஒரே ரயில் பெட்டியில் இருந்ததால் இருவரும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்டுவது போலாகிவிடும். ஆனாலும் பாடநூல்கள் குக்சோனியாவை வாஸ்குலர் தாவரமாகவே எழுதிவந்தன.

மூன்று படிகள்: 1976, 1986, 1992

எட்வர்ட்ஸ் இந்த இடைவெளியைப் படிப்படியாக அடைத்தார்.

முதல் படி, 1976. தென்மேற்கு வேல்ஸின் சிலூரியன் பாறையிலிருந்து எடுத்த தண்டுகளுக்குள் டிரக்கீடுகள் அவற்றின் இயல்பான இடத்திலேயே இருப்பதை, எட்வர்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். அந்த நேரத்தில் அதுவே மிகப் பழைய பதிவு. ஆனால் அந்தத் தண்டுகளிலும் நுனிக் குமிழ் இல்லை. குழாய் உண்டு, முகவரி இல்லை.

இரண்டாம் படி, 1986. ஆதிகால நிலத் தாவரங்களின் தண்டில் ஸ்டொமேட்டா இருந்ததை எட்வர்ட்ஸ் குழு, மீண்டும் 'நேச்சர்' இதழில், அறிவித்தது. ஸ்டொமேட்டாவை நம் பாடநூல்கள் 'இலைத்துளை' என்று சொல்லும். இங்கே ஒரு வேடிக்கை: இலையே இல்லாத செடியில் இலைத்துளை! பெயர் வைத்தவர்கள் இலைகளில் முதலில் பார்த்தார்கள், அவ்வளவுதான். பரிணாமத்தில் துளை முன்னால் வந்தது, இலை பின்னால்தான் வந்தது. காற்றை உள்ளே விடவும் ஈரத்தைக் காக்கவும் திறந்து மூடும் ஏற்பாடு அந்தப் பொடிச் செடிகளிலேயே இருந்திருக்கிறது.

மூன்றாம் படி, 1992. எட்வர்ட்ஸ், கே. டேவிஸ், லிண்ட்சி ஆக்ஸ் மூவரும் ஷ்ராப்ஷயரின் டெவோனியன் தொடக்ககாலப் பாறையிலிருந்து குக்சோனியா பெர்டோனி மாதிரிகளை எடுத்தார்கள். இந்த முறை நுனியில் குமிழ் இருந்தது. அதே தண்டின் நடுவில் டிரக்கீடுகளின் கற்றையும் இருந்தது. தலையும் குழாயும் ஒரே உடலில்.

1937இல் வைத்த பெயருக்கு 1992இல் ஆதாரம் கிடைத்தது. இடைவெளி 55 ஆண்டுகள்.

'ஏற்கெனவே எல்லோரும் நம்பியதைத்தானே நிரூபித்தார், இதில் என்ன பெருசு?' என்று கேட்கலாம். அறிவியலில் நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரம்தான் விஷயம். குக்சோனியாவில் குழாய் இல்லை என்று தெரியவந்திருந்தால், நிலத் தாவரக் குடும்ப மரத்தின் அடிப்பகுதியையே திருத்தி எழுத வேண்டியிருக்கும். அது சும்மா சொல்வதில்லை. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்துப் பாறையில் கிடைத்த ஒரு பிரபலமான தாவரத்துக்கு இது நடந்தது. வாஸ்குலர் என்று பல பத்தாண்டுகள் கருதப்பட்ட அதன் செல்களில் அசல் டிரக்கீடு இல்லை என்று 1980களில் தெரிந்தது. அது 'அக்லாவோஃபைட்டான்' என்ற புதுப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

பாறையைக் கரைத்தால் செடி கிடைக்குமா?

கிடைக்கும், பொறுமை இருந்தால்.

பெரும்பாலான தாவரப் புதைபடிவங்கள் புத்தகத்துக்குள் வைத்த இலை போல நசுங்கியவை. வெளி உருவம் தெரியும்; உள்ளே செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமானால் நசுங்காத மாதிரி வேண்டும். எட்வர்ட்ஸ் குழு அதைத் தேடிய விதம் இதுதான்:

• வண்டல் பாறையை அமிலத்தில் ஊறவைப்பது. மணலையும் களிமண்ணையும் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கார்பனாகிப்போன தாவரத் துணுக்குகளை அது தொடாது.
• மிஞ்சும் கசடைச் சல்லடையில் சலித்துக் கழுவுவது.
• உருப்பெருக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளம்தான்.
• பிறகு ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, முதலில் வெளிப்புறம், அடுத்து உடைத்து உட்புறம் பார்ப்பது.

கடைசிப் படியில் ஒரு தவறு நடந்தால் போச்சு. 41 கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்த மாதிரி ஒரு தும்மலில் பறந்துவிடும்.

இந்தத் துணுக்குகள் ஏன் நசுங்காமல் இருந்தன? அவற்றில் பல கருகிப்போனவை என்பதால். காற்று போதாமல் புகைந்து எரியும்போது தாவரம் சாம்பலாகாது, கரியாகும். கரி கடினமானது, அழுகாது, செல்சுவரின் வடிவத்தை முப்பரிமாணத்தில் அப்படியே வைத்திருக்கும். எரித்த நெருப்பே அந்தச் செடிகளுக்கு ஆவணக் காப்பகமாக மாறியது.

இந்தக் குட்டி உலகத்தைப் பற்றி எட்வர்ட்ஸ் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'லில்லிபுட்' வருகிறது. ஸ்விஃப்டின் கதையில் வரும் குட்டி மனிதர்களின் நாடு அது.

ஒரே முகம், வேறு வேறு ஆட்கள்

தரவுகளோடு வேலை செய்பவர்களுக்குப் பழக்கமான ஒரு சிக்கல் இது: ஒரே பெயரில் பதிவான இரண்டு வரிசைகள் உண்மையில் இரண்டு தனி நபர்களாக இருக்கும். எட்வர்ட்ஸும் இதைச் சந்தித்தார்.

1988இல் யுனா ஃபேனிங், ஜான் ரிச்சர்ட்சன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் குக்சோனியா குமிழ்களைத் திறந்து உள்ளே இருந்த ஸ்போர்களைப் பார்த்தார்கள். ஸ்போர்கள் ஒரே வகையாக இல்லை. வெளியே ஒரே அச்சு, உள்ளே வேறு வேறு. அதாவது, நாம் ஒரு இனம் என்று எண்ணிக்கொண்டிருந்தது பல இனங்களாக இருக்கலாம். பரிணாமம் வெளியே தெரியாமல் உள்ளே நடந்துகொண்டிருந்தது.

இதன் விளைவு பெரிது. எளிய உருவம் என்றால் இனங்களும் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. 2014இல் ஜெனிஃபர் மோரிஸ், ரிச்சர்ட்சன், பால் கென்ரிக் ஆகியோருடன் எட்வர்ட்ஸ் எழுதிய கட்டுரையும் இதே திசையில் ஒரு படி முன்னே போனது. ஆதிகால நிலத்தில், பாசிக்கும் வாஸ்குலர் தாவரத்துக்கும் நடுவில் நிற்கும், இன்று வாரிசே இல்லாத ஒரு தாவரக் கூட்டம் இருந்ததை அது விவாதித்தது.

செடி மட்டும் அல்ல, முழுச் சூழல்

எட்வர்ட்ஸின் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தனிச் செடியிலிருந்து ஒரு முழுச் சூழலை நோக்கி அவை நகர்வது தெரியும்.

1990: ஷ்ராப்ஷயரின் லட்லோ நகரத்தருகே லட்ஃபோர்ட் லேன் பகுதியிலிருந்து, சிலூரியன் காலத்து நிலவாழ் உயிரிகளை ஆண்ட்ரூ ஜெராம், பால் செல்டன் ஆகியோருடன் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார். சிலந்தியின் உறவினமும் பூரான் வகைகளும் அதில் இருந்தன. இரண்டுமே வேட்டையாடும் கூட்டம். வேட்டையாடிகள் இருந்தால் இரையும் இருந்திருக்க வேண்டும்.

1995: ஸ்போர்கள் நிறைந்த புதைபடிவ எச்சக் கழிவுகள். ஆமாம், 40 கோடி ஆண்டுக்கும் முந்தைய புழுக்கை! யாரோ ஸ்போர்களையும் தாவரக் குப்பையையும் தின்றிருக்கிறார்கள். தாவரத்துக்கும் விலங்குக்கும் இடையிலான உறவுக்கு இது மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று. 'நேச்சர்' இதழில் வெளியானது.

2013: ரோஸ்மேரி ஹோனெகர், ஆக்ஸ் ஆகியோருடன், டெவோனியன் தொடக்ககால லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிரிகள் இவை. அடுக்கடுக்கான உள்ளமைப்போடு கூடிய லைக்கன்களில் அப்போது அறியப்பட்ட மிகப் பழையவை.

கரியிலிருந்து காற்றைக் கணக்கிடுவது

2004இல் இயன் கிளாஸ்பூல், எட்வர்ட்ஸ், ஆக்ஸ் மூவரும் லட்ஃபோர்ட் லேனின் கரித் துணுக்குகளை வேறொரு கேள்வியோடு அணுகினார்கள். கரி இருக்கிறதென்றால் தீ இருந்தது. தீ இருந்ததென்றால் காற்றில் போதிய ஆக்ஸிஜன் இருந்திருக்க வேண்டும். அந்த ஆய்வு, காட்டுத்தீயின் மிகப் பழைய ஆதாரத்தைச் சிலூரியன் காலத்தின் கடைசிக்கு, சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், தள்ளிவைத்தது. 'காட்டுத்தீ' என்ற சொல்தான் கொஞ்சம் பொருந்தவில்லை. காடே இல்லாத காலம் அது. கணுக்கால் உயரப் பசுமை புகைந்து எரிந்திருக்கும்.

இந்தப் பாதையில் ஆய்வு நிற்கவில்லை. 2022இல் கிளாஸ்பூலும் ராபர்ட் கஸ்டால்டோவும் இந்தப் பதிவைச் சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோனார்கள். அவர்களுடைய மாதிரிகளில் ஒன்று போலந்திலிருந்து வந்தது. மற்றொன்று கார்டிஃபின் ரம்னி பகுதியில் போட்ட ஆழ்துளையிலிருந்து, அதாவது எட்வர்ட்ஸ் வேலை பார்த்த அதே ஊரிலிருந்து. அன்றைய காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தது 16 சதவீதமாவது இருந்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. இன்று 21 சதவீதம்.

அன்றைய காற்றை நேரடியாக அளக்கக் கருவி எதுவும் இல்லை. கணினி மாதிரிகள் சொல்லும் எண்களைச் சரிபார்க்க இப்படிப்பட்ட கரித்துண்டுகள்தான் உரைகல்.

இன்னும் தீராத விவாதங்கள்

இதை எட்வர்ட்ஸின் வெற்றிப் பட்டியலாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். அவர் திறந்த கதவுகளுக்குப் பின்னால் புதிய சண்டைகள் இருந்தன.

குக்சோனியா தனித்து வாழ்ந்ததா? 2008இல் கெவின் பாய்ஸ் ஓர் அடிப்படைக் கேள்வி எழுப்பினார். பல குக்சோனியா தண்டுகள் ஒரு மில்லிமீட்டரைவிட மிக மெல்லியவை. நீர்க்குழாய், தாங்கும் திசு, தோல் எல்லாம் போக, உணவு தயாரிக்கும் பச்சைத் திசுவுக்கு அதற்குள் இடம் எங்கே? அப்படியானால் நாம் 'செடி' என்று பார்ப்பது, தரையோடு படர்ந்த இன்னொரு தலைமுறையிடம் சாப்பாட்டுக்குக் கையேந்திய ஸ்போர்க் காம்பு மட்டும்தானா? இன்றைய பாசிகளில் ஏற்பாடு அப்படித்தான் இருக்கிறது. பருத்த தண்டுள்ள மாதிரிகள் தனித்து வாழ்ந்திருக்கலாம், மெல்லியவை அப்படி இல்லை என்று இப்போது பல ஆய்வாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்.

குக்சோனியா ஒரே குடும்பமா? இல்லை என்ற கருத்து வலுவாக இருக்கிறது. எளிய உருவம் என்பதாலேயே பலவகைச் செடிகள் அந்தப் பெயருக்குள் குவிக்கப்பட்டன. எட்வர்ட்ஸின் மாணவராக இருந்த பால் கென்ரிக்கும் பீட்டர் கிரேனும் 1997இல் ஆதித் தாவரங்களின் குடும்ப மரத்தை விரிவாக மறு ஆய்வு செய்தபோது இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிந்தது.

குக்சோனியாதான் எல்லோருக்கும் முன்னோடியா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'பராக்வானாதியா' என்ற செடி கிடைத்திருக்கிறது. அதையும் விவரித்தவர்கள் லாங்கும் குக்சனும்தான், 1935இல். தண்டு முழுக்கச் சிற்றிலைகள் மூடிய, குக்சோனியாவைவிடச் சிக்கலான உருவம். அதுவும் சிலூரியன் காலத்திலேயே இருந்தது. எளியது முதலில், சிக்கலானது பிறகு என்று பரிணாமம் ஒழுங்காக வரிசையில் நிற்கவில்லை. ஸ்போர்களின் பதிவு இன்னும் பின்னால் போகிறது: நிலத் தாவரங்களுடையவை என்று கருதப்படும் ஸ்போர்கள் சுமார் 47 கோடி ஆண்டுப் பாறையிலேயே உண்டு. அவற்றை உதிர்த்த செடிகளின் உடல் எங்கே?

அங்கீகாரம்

1996இல் எட்வர்ட்ஸ் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். அந்த அமைப்பு முதல் பெண் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது 1945இல். 1999இல் பிரிட்டன் அரசின் சிபிஇ விருது. 2010இல் வேல்ஸுக்கென்று ஓர் அறிவியல்–கலைக் கழகம், 'லேர்ன்ட் சொசைட்டி ஆஃப் வேல்ஸ்', தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இவரும் ஒருவர்.

2012 முதல் 2015 வரை லண்டனின் லின்னேயன் சொசைட்டிக்குத் தலைவர். 1788இல் தொடங்கிய அமைப்பு அது. பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது 1904க்குப் பிறகு. 1858இல் இயற்கைத் தேர்வு பற்றி டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் எழுதியவை முதன்முதலில் வாசிக்கப்பட்டது அந்த அமைப்பின் கூட்டத்தில்தான். வாலஸ் பிறந்த ஊர் உஸ்க், அதுவும் வேல்ஸில்.

சரி, இது நமக்கு எதற்கு?

மூன்று காரணங்கள்.

ஒன்று, மண். நாம் விவசாயம் செய்யும் மண் என்பது வெறும் பாறைப் பொடி அல்ல. செடிகளும் பூஞ்சைகளும் பாறையைச் சிதைத்து, மக்கிய பொருளைச் சேர்த்து, கோடிக்கணக்கான ஆண்டுகளாக உருவாக்கியது அது. அந்த வேலை தொடங்கிய காலம்தான் எட்வர்ட்ஸின் காலம்.

இரண்டு, காற்று. தாவரங்கள் நிலத்தில் பரவியதும் வளிமண்டலத்தின் கார்பன் டை ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் மாறின. பிற்காலத்தில் காடுகளாகிப் புதைந்தவைதான் நிலக்கரி. இன்று அதை எரித்து, அந்தக் கார்பனைத் திரும்ப மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தாவரம், கார்பன், ஆக்ஸிஜன், தீ ஆகிய நான்கும் ஒன்றை ஒன்று எப்படித் தள்ளுகின்றன என்று புரிந்துகொள்ள, அந்த நால்வரும் முதன்முதலில் சந்தித்த இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று, வேலை செய்யும் முறை. காலாண்டு இலக்கு, வருடாந்திர அப்ரைசல் என்று ஓடும் நமக்கு இது கொஞ்சம் விநோதமாகத் தெரியலாம். 1976இல் கிடைத்த பாதி விடையை 1992இல் முழுசாக்க 16 ஆண்டுகள். முதல் கட்டுரைக்கும் 2014 கட்டுரைக்கும் இடையில் 46 ஆண்டுகள், பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் போய்வரக்கூடிய ஓடைக்கரைகளையும் குவாரிகளையும் நம்பி. குக்சோனியா பெர்டோனிக்குப் பெயர் கொடுத்த பெர்டன் ஒரு பழைய கல்குவாரி. காட்டுத்தீயின் சாட்சி கிடைத்த லட்ஃபோர்ட் லேன், பெயருக்கேற்ப ஒரு சந்துதான். அங்கே ஒரு சாலை விரிவாக்கமோ ஒரு தடுப்புச் சுவரோ வந்திருந்தால், இந்த ஆதாரங்களில் பல சல்லடைக்கே வந்து சேர்ந்திருக்காது.